மொரீசியஸில் இருந்தபடி தமிழ் வலைப்பதிவு: தொடக்கம் முதல் வருமானம் வரை

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து வலைப்பதிவு தொடங்கக் கற்றுக்கொண்டவர்கள் ஒரு பன்னிரண்டு பேர் இருப்பார்கள். அதில் பாதிப் பேர் ஆறு மாதத்துக்குள் நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்கு எழுத வராமல் இல்லை. டொமைன் (தளத்துக்கான சொந்த முகவரிப் பெயர்) வாங்கினார்கள், டெம்ப்ளேட்டை (பக்க வடிவமைப்பை) மாற்றி மாற்றிப் பார்த்தார்கள், விளம்பரத்துக்கு விண்ணப்பித்தார்கள், கடைசியில்தான் எழுத உட்கார்ந்தார்கள். வரிசை தலைகீழானதால் கை சோர்ந்துவிட்டது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தீவில் வீட்டில் கிரியோல், செய்தித்தாளில் பிரெஞ்சு, அலுவலகத்தில் ஆங்கிலம். தமிழில் நீளமாகப் படிக்கும் உள்ளூர்க்காரர்கள் குறைவு. உங்கள் வாசகர் பெரும்பாலும் கடல் கடந்து இருப்பவர். இங்கே வாழ்கிறவருக்குத்தான் தெரியும் என்கிற விஷயத்தைத் தேடித்தான் அவர் உங்களிடம் வருவார். காசும் அந்த வழியில்தான் வரும், கூகுள் விளம்பரத்தில் வருவது உபரி.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

வலைப்பதிவுக்கென்று தனி ஜிமெயில் கணக்கு ஒன்று திறந்து, இரட்டைச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் பாதுகாப்பை) போட்டுவிடுங்கள். டொமைன், விளம்பரக் கணக்கு, புள்ளிவிவரம் எல்லாம் இந்த ஒரே முகவரியில்தான் தொங்கப்போகின்றன. பிள்ளைகள் விளையாட்டுக்குப் பயன்படுத்தும் பழைய கணக்கில் தொடங்கினால் பிறகு பிரிப்பது பெரும்பாடு.

உங்கள் அடையாள அட்டையில் இருக்கும் பெயரிலேயே வங்கிக் கணக்கு வேண்டும். வெளிநாட்டுப் பணம் வந்தால் என்ன கட்டணம் பிடிப்பார்கள், டாலர் கணக்கு திறக்கலாமா, வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பத் தேவைப்படும் ஸ்விஃப்ட் குறியீடு எது என்று கிளைக்குப் போய் இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மொரீசியஸில் 1994 முதல் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு இல்லை, பணம் வருவதற்குத் தடை ஏதும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் வங்கி பிடிக்கும் கட்டணம் சின்னத் தொகைகளை விழுங்கிவிடும்.

தமிழ்த் தட்டச்சு பழக வேண்டும். போனில் குரல் வழியாகச் சொல்லி எழுதுபவர்களும் இருக்கிறார்கள், தவறில்லை, திருத்தம் மட்டும் பார்க்க வேண்டும். எல்லாக் கருவிகளிலும் தெரியும் பொது எழுத்துமுறையான யூனிகோடில்தான் எழுத வேண்டும். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகளை அப்படியே ஒட்டினால் வாசகருக்குக் குப்பையாகத் தெரியும், கூகுளுக்கும் ஒன்றும் புரியாது. மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

வாரத்தில் இரண்டு முறை, முறைக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அரசு வேலையில் இருப்பவர்கள், ஆசிரியர்கள் உட்பட, பக்க வருமானத்துக்கு மேலிடத்தின் அனுமதி தேவையா என்பதை முதலில் விசாரித்துவிடுங்கள்.

2. யாருடைய கேள்விக்குப் பதில் சொல்கிறீர்கள்?

சமையல், ஆன்மிகம், சினிமா, கவிதை நான்கையும் ஒரே வலைப்பதிவில் போடுகிறேன் என்று எல்லோரும் வருகிறார்கள். சாம்பார் செய்வது எப்படி என்று தமிழில் ஏற்கெனவே ஆயிரக்கணக்கான பக்கங்கள் இருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் நமக்கு இடம் கிடைக்காது.

தாழ்வாரத்துக்கு வந்த ஒரு அக்கா சமையல் பதிவு தொடங்கினார். முதல் பதினைந்து பதிவுகளை யாரும் படிக்கவில்லை. பிறகு நம் கல்யாணங்களிலும் காவடி விரதத்திலும் வாழையிலையில் பரிமாறும் ஏழு கறியைப் பற்றி எழுதினார். என்னென்ன கறி, இலையில் எது எங்கே, நாம் ரசோன் என்று சொல்லும் ரசம் தமிழ்நாட்டு ரசத்திலிருந்து எப்படி வேறுபடுகிறது, எல்லாம் படத்தோடு. அதற்குத்தான் முதன்முதலாக வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்தது.

ஆகவே ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு, தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கோ சுற்றுலாவுக்கோ வந்தவர்கள் உங்களிடம் வாய் திறந்து கேட்ட கேள்விகளை எழுதுங்கள். குவாத்ர் போர்ன் நகரச் சந்தை என்றைக்கு? (காய்கறிக்குப் புதனும் சனியும், துணிமணிக்கு வியாழனும் ஞாயிறும்.) பீர்க்கங்காய்க்கு இங்கே என்ன பெயர்? (பிபங்காய் என்று கேளுங்கள், கிடைக்கும். வெண்டைக்காய்க்கு லாலோ.) கோர் த கார்த் மலைக்கோவிலுக்கு வயதானவர்கள் படி ஏற முடியுமா? சைவ உணவு எங்கே? இப்படி முப்பது கேள்வி சேர்ந்தால் தலைப்பு கிடைத்துவிட்டது. பத்தைத் தாண்டவில்லையென்றால் அந்த விஷயத்தை விட்டுவிட்டு வேறு பாருங்கள்.

3. பத்துப் பதிவுகளை எழுதி முடியுங்கள், பிறகு தளம்

இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். ஆனாலும் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். கூகுள் டாக்ஸில் பத்துப் பதிவு முழுதாக எழுதி முடியுங்கள். ஒன்று அறுநூறு சொல்லாவது இருக்கட்டும்.

காரணம் இரண்டு. உங்களுக்கு இந்த விஷயத்தில் தொடர்ந்து எழுத ஆசை இருக்கிறதா என்பது ஆறாவது பதிவில்தான் தெரியும். அதற்குள் காசு எதுவும் செலவாகியிருக்காது. இரண்டாவது, முதல் வாசகர் வரும்போது ஒரே ஒரு பதிவு மட்டும் இருந்தால் படித்துவிட்டுப் போய்விடுவார். பத்து இருந்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவார்.

4. தளமும் டொமைனும்

கூகுளின் பிளாகர் இலவசம், பராமரிப்பு வேலை கிட்டத்தட்ட இல்லை, ஹோஸ்டிங் (தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் இணைய இடம்) செலவும் இல்லை. இன்னொரு வலைப்பதிவு மென்பொருளான வேர்ட்பிரஸை சொந்த ஹோஸ்டிங்கில் வைத்தால் கட்டுப்பாடு அதிகம், ஆண்டுச் செலவும் புதுப்பிப்புத் தொல்லையும் அதிகம். என் யோசனை: முதல் ஆண்டு பிளாகர், சொந்த டொமைனோடு. வருமானம் வந்த பிறகு வேர்ட்பிரஸுக்கு மாறலாம். டொமைன் உங்களுடையது என்றால் வாசகருக்கு முகவரி மாறாது.

டாட் காம் பெயர் ஆண்டுக்குப் பத்திலிருந்து பதினைந்து டாலர், அதாவது நம் பணத்தில் ஐந்நூறு, அறுநூறு ரூபாய் சொச்சம். மொரீசியஸுக்கான டாட் எம்யூ பெயர் இதைவிடப் பல மடங்கு விலை. உலகெங்கும் இருக்கும் தமிழருக்கு எழுதுகிறவர்களுக்கு அது தேவையும் இல்லை.

பெயர் சின்னதாக, போனில் ஒருமுறை சொன்னால் எழுதிக்கொள்ளும்படி இருக்க வேண்டும். ழகரமும் ளகரமும் உள்ள சொல்லை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

டொமைனை உங்கள் இமெயிலில், உங்கள் வங்கி அட்டையில் நீங்களே வாங்க வேண்டும். என் முதல் டொமைனைத் தெரிந்தவர் ஒருவர் உதவியாக அவர் கணக்கில் வாங்கிக் கொடுத்தார். அவர் ஊர் மாறிப் போனார், போன் எண்ணும் மாறியது, புதுப்பிக்கும் நாள் வந்து போனது. இரண்டு ஆண்டு உழைத்த பெயரை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். அந்த மனிதர்மேல் எனக்குக் கோபமில்லை, என்மேல்தான்.

பிளாகருடன் டொமைனை இணைக்க சிநேம் (CNAME) என்ற இரண்டு இணைப்புக் குறிப்புகளை பிளாகரின் அமைப்புகள் பக்கம் காட்டும். அவற்றை டொமைன் வாங்கிய இடத்தில் எழுத்து பிசகாமல் ஒட்டுங்கள். சில மணி நேரம் ஆகலாம், வேலை செய்யவில்லை என்று பதறி எல்லாவற்றையும் அழித்துத் திரும்பப் போடாதீர்கள். இணைந்த பிறகு எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) பொத்தானை இயக்க மறக்க வேண்டாம்.

5. பதிவின் முகவரி: எல்லோரும் தடுக்கி விழும் இடம்

இதற்குக் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். பிளாகரில் தலைப்பைத் தமிழில் மட்டும் எழுதி வெளியிட்டால், பதிவின் முகவரி “பிளாக்-போஸ்ட்” என்று வரும், அடுத்ததற்கு அதன் பின்னால் ஏதோ ஒரு எண். தமிழ் எழுத்தைத் தூக்கிவிட்டு அதுவே ஒரு பெயர் வைத்துக்கொள்கிறது. ஐம்பது பதிவு ஆனதும் எந்த இணைப்பு எதற்கென்று உங்களுக்கே தெரியாது. தேடுபவருக்கும் அந்த முகவரி ஒன்றும் சொல்லாது.

வேர்ட்பிரஸில் வேறு மாதிரித் தொல்லை. தமிழ்த் தலைப்பு அப்படியே முகவரியாகி, வாட்ஸாப்பில் ஒட்டும்போது சதவீதக் குறிகளாகவும் எண்களாகவும் அரைப்பக்கத்துக்கு நீளும். பார்ப்பவர் ஏதோ வைரஸ் என்று நினைத்துத் தொடமாட்டார்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். வெளியிடும் முன், நிரந்தர இணைப்பு என்ற இடத்தில் ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொற்களைச் சிறுகோடு போட்டு நீங்களே எழுதுங்கள். “குவாத்ர் போர்ன் சந்தை நாட்கள்” என்பதை ஒருவர் ரோமன் எழுத்தில் எப்படித் தேடுவாரோ அப்படியே எழுதுங்கள். நம் ஆட்களில் பலர் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் அடித்துத்தான் தேடுகிறார்கள். அதனால் முகவரியில் அந்த வடிவம் இருப்பது நல்லது. பதிவுக்குள்ளும் ஓரிடத்தில் அந்த எழுத்துக்கோப்பு வந்துபோகட்டும்.

வெளியிட்ட பிறகு மாற்றினால் ஏற்கெனவே பகிர்ந்த இணைப்புகள் அறுந்துபோகும். மாற்றியே ஆக வேண்டுமென்றால், பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடும் வசதி பிளாகர் அமைப்புகளில் இருக்கிறது, அதையும் சேர்த்துச் செய்யுங்கள்.

6. பதிவை எழுதும் விதம்

கேள்விக்கான பதிலை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். இப்போதெல்லாம் கூகுளே தேடல் பக்கத்தின் தலையில் ஒரு சுருக்கப் பதிலைக் கொடுத்துவிடுகிறது. அதையும் தாண்டி ஒருவர் உங்கள் பக்கத்துக்கு வருகிறார் என்றால், நேரில் போய்ப் பார்த்தவர் சொல்வதைக் கேட்க வருகிறார். பஸ் எங்கே நிற்கும், செருப்பை எங்கே விடுவது, நீங்கள் போன அன்று என்ன விலை, இவைதான் உங்கள் சரக்கு. விலையை எழுதினால் எந்த மாதம் விசாரித்தது என்பதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் இரண்டு வருடம் கழித்து உங்களைப் பொய்யர் என்பார்கள்.

படம் உங்களுடையதாக இருக்க வேண்டும். கூகுளில் எடுத்து ஒட்டினால் பதிப்புரிமைப் புகார் வரும். போன் கேமரா போதும். 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, 200 கேபிக்குள் கொண்டுவந்து ஏற்றுங்கள். காவடி எடுப்பவர்களையும் அலகு குத்தியவர்களையும் அருகில் படம் பிடித்தால் அவர்களிடமோ வீட்டாரிடமோ கேட்டுவிட்டுப் போடுங்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அது விரதத்தில் இருப்பவர் முகம்.

தமிழ் எழுத்துக்கு 18 பிக்சல் அளவும் தாராளமான வரி இடைவெளியும் வேண்டும். ஆங்கிலத்துக்கு வடிவமைத்த டெம்ப்ளேட்டில் கொம்பும் கால்களும் நெருங்கிக்கொண்டு கண் வலிக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துருவைப் போட்டால் போதும்.

7. காலத்துக்கு முன்பே வெளியிடுவது

விழாவைப் பற்றிய பதிவை விழாவன்று போடுவது வழக்கமான தவறு. 2026இல் தைப்பூசக் காவடி பிப்ரவரி 1. அந்தப் பதிவு டிசம்பர் தொடக்கத்திலேயே ஏறியிருக்க வேண்டும். புதிய தளத்தின் பக்கங்களைக் கூகுள் கண்டெடுத்து வரிசைப்படுத்த வாரக்கணக்கில் ஆகும், பயணம் வருகிறவர்களும் டிக்கெட் போடும் முன்பே தேடிவிடுவார்கள்.

அடுத்த வருடத்துக்குப் புதுப் பதிவு எழுத வேண்டாம். முகவரியில் ஆண்டைப் போடாமல் விட்டிருந்தால், அதே பக்கத்தில் தேதியையும் மாறிய விஷயங்களையும் திருத்தினால் ஆயிற்று. பழைய பக்கம் சேர்த்துவைத்த மதிப்பு வீணாகாது.

8. கூகுளுக்கும் வாசகருக்கும் தெரிவித்தல்

தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் டொமைனைப் பதிந்து, சைட்மேப்பை (தளத்தின் பக்கப் பட்டியலை) கொடுங்கள். இலவசம், அரை மணி நேர வேலை. அப்புறம் மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். எந்தச் சொல்லைத் தேடி வருகிறார்கள் என்ற பட்டியல்தான் அங்கே பொக்கிஷம், அடுத்த பதிவுகளுக்கான தலைப்புகள் அதிலேயே கிடைக்கும். தினமும் பார்வை எண்ணிக்கையைத் திறந்து பார்ப்பது மனதைக் கெடுக்கும் பழக்கம். நானும் பட்டிருக்கிறேன்.

வாட்ஸாப் குழுக்களில் இணைப்பை மட்டும் வீசாதீர்கள். குழுவில் யாராவது கேள்வி கேட்கும்போது, பதிலை இரண்டு வரியில் சொல்லிவிட்டு, விவரம் இங்கே என்று இணைப்பைக் கொடுங்கள். கோவில் குழுவில் தினம் ஒரு இணைப்பு போட்டு வெளியேற்றப்பட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

வாசகர் இமெயில் முகவரிகளைச் சேகரித்தால், எதற்காக என்று சொல்லி, அவர்கள் சம்மதத்தோடு வாங்குங்கள். நம் நாட்டில் 2017ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

9. ஆட்சென்ஸ்

கூகுளின் விளம்பரத் திட்டமான ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழை ஏற்கிறது. 18 வயது ஆகியிருக்க வேண்டும், ஒருவருக்கு ஒரு கணக்குதான். இருபத்தைந்து முப்பது பதிவும், உங்களைப் பற்றி, தொடர்புக்கு, தனியுரிமைக் கொள்கை ஆகிய பக்கங்களும் ஆன பிறகு விண்ணப்பியுங்கள். ஐந்து பதிவோடு போனால் “மதிப்புக் குறைந்த உள்ளடக்கம்” என்று திருப்பி அனுப்புவார்கள்.

பத்து டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் எண் தபாலில் வரும். நான்கு மாதத்துக்குள் அதைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். இங்கேதான் நம் ஊர்ச் சிக்கல். நம் முகவரிகளில் பலவற்றுக்கு வீட்டு எண்ணே கிடையாது, கோவிலுக்குப் பின்னால், கடைக்கு எதிரே என்றுதான் எழுதிப் பழக்கம். தெருப்பெயரும் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடும் தெளிவாக இருக்கட்டும், தபால்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அமெரிக்க வரித் தகவல் படிவத்தையும் கேட்பார்கள், தள்ளிப்போடாமல் நிரப்பிவிடுங்கள். 100 டாலர் சேர்ந்த பிறகுதான் பணம் அனுப்புவார்கள், மாதத்தின் 21ஆம் தேதிக்குப் பிறகு.

உங்கள் விளம்பரத்தை நீங்களே சொடுக்காதீர்கள், சொந்தக்காரர்களையும் சொடுக்கச் சொல்லாதீர்கள். பாசத்தில் பெரியம்மா பிள்ளைகள் எல்லோரும் சொடுக்கி, கணக்கு முடங்கிய கதை தாழ்வாரத்திலேயே நடந்திருக்கிறது.

தொகை எவ்வளவு வரும் என்று கேட்பீர்கள். வாசகர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. டொராண்டோவிலோ பாரிஸிலோ இருப்பவர் பார்த்தால் கிடைப்பது, மதுரையில் இருப்பவர் பார்த்தால் கிடைப்பதைவிடப் பொதுவாக அதிகம். தமிழ்ப் பதிவுகளுக்கு வாசகர் பெரும்பாலும் இந்தியாவிலும் இலங்கையிலும்தான். முதல் 100 டாலருக்குப் பல மாதங்கள் ஆனால் ஆச்சரியப்பட வேண்டாம்.

10. ஆட்சென்ஸ் தாண்டிய வருமானம்

என் அனுபவத்தில் வீட்டுச் செலவுக்கு உதவுகிற அளவு காசு வருவது இங்கேதான். இதற்கு ஆட்சென்ஸ் தேவையே இல்லை, வாசகர் நம்பிக்கைதான் தேவை. ஆகவே முதல் ஆண்டுக்குள் அவசரப்படாதீர்கள்.

உள்ளூர்க் கடைகள்: புடவைக்கடை, பூஜைச் சாமான் கடை, சின்ன விருந்தினர் விடுதி. இவர்களிடம் போகும்போது நாம் மறந்துவிடுகிற ஒன்று, கடைக்காரருக்குத் தமிழ் படிக்கத் தெரியாமல் இருக்கலாம் என்பது. அவர் படிக்க முடியாத பக்கத்தில் எப்படி விளம்பரம் கொடுப்பார்? எந்தெந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள், விளம்பரம் எங்கே தெரியும், மாதம் எவ்வளவு என்று பிரெஞ்சில் ஒரே ஒரு பக்கம் அச்சடித்து எடுத்துப் போங்கள். ரூபாய் நேராக உள்ளூர்க் கணக்குக்கு வரும், வங்கிக் கட்டணத் தொல்லையும் இல்லை. முக்கியப் பதிவுகளின் அடியில் நான்கு வரி பிரெஞ்சுச் சுருக்கம் போடுவதும் பலன் தரும். ரீயூனியனில் இருக்கும் நம்மவர்கள் தமிழ் மரபைத் தேடுகிறார்கள், படிப்பதோ பிரெஞ்சில்.

சொந்தச் சரக்கு: உங்கள் சிறந்த பதிவுகளைத் திருத்தி, வரைபடமும் செலவுக் கணக்கும் சேர்த்து, “தமிழ்க் குடும்பத்துக்கு ஏழு நாள் மொரீசியஸ்” என்று ஒரு பிடிஎஃப். இந்தியப் பாஸ்போர்ட்டில் சுற்றுலா வருகிறவர்கள் முன்கூட்டி விசா எடுக்கத் தேவையில்லை, அதனால் கடைசி நேரத்தில் திட்டமிட்டு வருகிறவர்கள் உண்டு. அவர்கள் இதை வாங்குவார்கள். இணையவழித் தமிழ் வகுப்பு, விடுதிகளுக்குத் தமிழில் எழுதிக் கொடுப்பது ஆகியவையும் இதே கணக்கு. வாசகரை வேனில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று இறங்கிவிடாதீர்கள், சுற்றுலா நடத்த டூரிசம் அத்தாரிட்டியின் உரிமம் வேண்டும்.

பரிந்துரைக் கமிஷன்: உங்கள் இணைப்பு வழியாக யாராவது வாங்கினால் கிடைக்கும் பங்கு இது. தங்குமிட முன்பதிவுத் தளங்களின் இணைப்புகள் பயணப் பதிவுக்குப் பொருந்தும். அமேசானின் கமிஷன் திட்டத்தில் சேர்ந்தால் 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது நடக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். வாசகர் கூட்டம் சேரும் முன்பே சேர்ந்து ஏமாறாதீர்கள். காசு வாங்கி எழுதிய பதிவு என்றால் முதல் வரியிலேயே சொல்லுங்கள், இணைப்பில் “ஸ்பான்சர்டு” என்ற குறியையும் சேருங்கள். கூகுளும் கேட்கிறது, வாசகருக்கும் அது மரியாதை.

11. கணக்கு, வரி, புதுப்பித்தல்

கடைக்காரர் ரசீது கேட்பார். அதற்குத் தொழில் பதிவு எண், நாம் பிஆர்என் என்று சொல்வது, வேண்டும். தொடர்ந்து வருமானம் வரத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். நம் வரி ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. வெளிநாட்டிலிருந்து வந்த டாலரும் வரித்துறையான எம்ஆர்ஏவிடம் காட்ட வேண்டிய வருமானம்தான். வந்த தேதி, தொகை, அன்றைய மாற்று விகிதம், செலவு ஆகியவற்றை ஒரு விரிதாளில் அன்றன்றே எழுதுங்கள். வரிப் படிவம் நிரப்ப செப்டம்பரில் உட்கார்ந்து பழைய வங்கித் தாள்களைத் தோண்டுவது நரகம்.

மாதம் ஒருமுறை பிளாகர் அமைப்பிலிருந்து காப்பு நகல் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டொமைனைத் தானாகப் புதுப்பிக்கும்படி அமைத்திருந்தாலும், வங்கி அட்டை காலாவதியாகும் மாதத்தைப் போனில் குறித்து வையுங்கள். புது அட்டை கைக்கு வந்த அன்றே அதன் எண்ணை டொமைன் கணக்கில் மாற்றிவிட வேண்டும்.